சாதாரணக் கட்டும் தந்திரக் கட்டும்

பார்வையாளர் கை நீட்டினால் எட்டிவிடும் தூரத்தில், மேடையோ திரையோ உதவியாளரோ இல்லாமல், பெரும்பாலும் ஒரே ஒரு சீட்டுக்கட்டை மட்டும் வைத்துக்கொண்டு நிகழ்த்தப்படும் மாயவித்தைக்குக் கலைஞர்களிடையே க்ளோஸ்-அப் மேஜிக் என்று பெயர். மேடை வித்தையில் வரும் பெட்டிகளும் வாள்களும் தனியாகச் செய்யப்பட்டவை என்பதை ரசிகர் முதலிலேயே ஒப்புக்கொண்டுதான் இருக்கையில் அமர்கிறார். எதிரே ஒரு முழ தூரத்தில் அமர்ந்து சீட்டு வித்தை பார்ப்பவருக்கு அப்படி எந்த ஒப்பந்தமும் இல்லை. தாம் நினைத்த சீட்டு கண்ணெதிரே வெளிப்பட்டதும், "அந்தக் கட்டைக் கொஞ்சம் கொடுங்கள், பார்க்கலாம்" என்று கேட்கும் உரிமை அவருக்கு இருக்கிறது. கேட்டவுடன் கொடுக்கக்கூடிய கட்டை மட்டுமே ஒரு கலைஞர் கையாள வேண்டுமா, அல்லது கொடுக்க முடியாத கட்டையும் பயன்படுத்தலாமா என்பதில் சீட்டு வித்தைக்காரர்கள் நூறாண்டுகளுக்கும் மேலாகக் கருத்து மாறுபட்டு நிற்கின்றனர்.

இந்தக் கருத்துவேறுபாட்டைப் புரிந்துகொள்ள, வித்தை நிகழும் இரண்டு வழிகளை முதலில் அறிய வேண்டும். ஒன்று கைத்திறன்: மேலிருக்கும் இரண்டு சீட்டுகளை ஒரே சீட்டுபோலத் திருப்பிக் காட்டுவது, உள்ளங்கையில் ஒரு சீட்டை மறைத்துக்கொள்வது, வெட்டிய கட்டை எவரும் அறியாமல் பழைய நிலைக்கே கொண்டுவருவது முதலியவை இதில் அடங்கும். இவற்றுக்கு எந்தக் கடையில் வாங்கிய கட்டும் போதும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் மாதக்கணக்கில், சிலவற்றுக்கு ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டும். மற்றொன்று, சீட்டுகளிலேயே முன்கூட்டி ஏதேனும் மாற்றம் செய்து வைத்திருப்பது. இத்தகைய சீட்டைக் கலைஞர்கள் கிம்மிக் என்பர். கட்டு முழுவதுமே அப்படி அமைந்திருந்தால் அதைத் தந்திரக் கட்டு எனலாம்.

தந்திரக் கட்டுகளில் மிகப் பரவலாக அறியப்பட்டது ஸ்வெங்காலி கட்டு. அமெரிக்க வித்தைக்காரர் பர்லிங் ஹல்லின் பெயரோடும் 1909ஆம் ஆண்டோடும் இணைத்துப் பேசப்படும் இந்தக் கட்டு இன்று பொம்மைக் கடைகளிலும் கண்காட்சிகளிலும் வெளிப்படையாக விற்கப்படுவதால், அதன் அமைப்பை விளக்குவதில் யாருக்கும் இழப்பில்லை. கட்டின் பாதிச் சீட்டுகள் வழக்கமானவை, ஒன்றோடொன்று வேறுபட்டவை. மறுபாதிச் சீட்டுகள் அனைத்தும் ஒரே சீட்டு, எடுத்துக்காட்டாக அத்தனையும் இஸ்பேட் எட்டு. அந்த எட்டுகள் மட்டும் மற்றவற்றைவிட நீளத்தில் மயிரிழை குறைவாக வெட்டப்பட்டு, ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். கட்டின் விளிம்பை விரலால் விட்டுவிட்டு முகத்தைக் காட்டும்போது, குட்டையான சீட்டு நீளமான சீட்டோடு சேர்ந்தே விழுவதால், பார்ப்பவர் கண்ணுக்கு வெவ்வேறு சீட்டுகளே தென்படும். அவர் விரும்பிய இடத்தில் விரலை வைத்து எடுத்தாலோ, எங்கே வைத்தாலும் எட்டுதான் கிடைக்கும். குறை தெரியாத இந்த அமைப்புக்கு ஒரே ஒரு பகை உண்டு. பார்வையாளர் கட்டை வாங்கி மேசையில் விரித்துவிட்டால் இருபத்தாறு எட்டுகளும் ஒரே நேரத்தில் சாட்சி சொல்லும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு கட்டில் சீட்டுகளின் நீண்ட பக்கங்கள் சற்றே சாய்வாக வெட்டப்பட்டு, ஒரு முனை மறு முனையைவிடக் குறுகியிருக்கும். தேர்ந்தெடுத்த சீட்டை மட்டும் தலைகீழாகச் செருகிவிட்டால், அதன் அகன்ற முனை மற்றவற்றின் குறுகிய முனையிடையே துளியளவு பிதுங்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிதுக்கம் விரலுக்கு உடனே தட்டுப்படும். மற்றொரு முறையில், சீட்டுகளின் சில பரப்புகள் மட்டும் சொரசொரப்பாக்கப்படுகின்றன. சொரசொரப்பான இரு பரப்புகள் எதிரெதிராக இருக்கும்போது இணையாக ஒட்டி நகரும், அழுத்தத்தை மாற்றினால் பிரியும். அமெரிக்கக் கலைஞர் ஜோ பெர்க் 1936இல் வெளியிட்டு, பின்னாளில் "கண்ணுக்குத் தெரியாத கட்டு" என்ற பெயரில் புகழ்பெற்ற வித்தை இன்று பெரும்பாலும் இம்முறையிலேயே தயாராகிறது: பார்வையாளர் மனத்தில் நினைத்து வாய்விட்டுச் சொன்ன சீட்டு எதுவாயினும், கட்டை விரிக்கும்போது அது மட்டும் தலைகீழாகத் திரும்பிக் கிடக்கும்.

இவ்வளவு வலிமையான சாதனங்கள் கையில் இருக்க, ஏன் ஒரு சாரார் அவற்றை ஒதுக்குகின்றனர்? அவர்களுடைய முதன்மை நூல் 1902இல் சிகாகோவில் எஸ். டபிள்யூ. எர்ட்னேஸ் என்ற புனைபெயரில் வெளியான, சீட்டு மேசைத் திறனைப் பற்றிய நூலாகும். அதன் ஆசிரியர் யார் என்பது இன்றுவரை உறுதியாகத் தெரியாவிட்டாலும், சீட்டு வித்தை கற்பவர் அனைவரும் ஏதோ ஒரு கட்டத்தில் அந்த நூலுக்கு வந்தே சேர்கின்றனர். சூதாடிகள் சட்டைக் கையில் ஒளித்து வைக்கும் கருவிகளுக்கும் குறியிட்ட சீட்டுகளுக்கும் சில பக்கங்களை மட்டும் ஒதுக்கிவிட்டு, எஞ்சிய நூல் முழுவதும் சாதாரணக் கட்டும் பத்து விரல்களும் என்ன செய்ய முடியும் என்பதையே அது விளக்குகிறது. இந்த மரபில் வந்தவர்கள் முன்வைக்கும் வாதம் வெறும் பெருமைக்கானது அன்று. திருமண வீட்டிலோ ரயில் பயணத்திலோ எவரேனும் தம் கட்டை நீட்டி, "ஏதாவது செய்து காட்டுங்கள்" என்றால், கைத்திறன் உடையவர் அந்த நொடியிலேயே தொடங்கலாம். தந்திரக் கட்டை நம்பியவர் தம் பையைத் தேட வேண்டும். பிறருடைய கட்டில் நிகழ்ந்த வித்தைக்குப் பின் ஐயம் எழ இடமே இல்லை. இதைவிட அழுத்தமான காரணமும் ஒன்று சொல்லப்படுகிறது: மறைக்க வேண்டிய பொருள் கையில் இருக்கும் வரை கலைஞரின் உடலில் ஓர் அச்சம் இருக்கும், அந்த அச்சத்தை அருகில் இருப்பவர் உணர்ந்துவிடுவார்.

எதிர்த் தரப்பின் விடை சுருக்கமானது. பார்வையாளருக்கு வழிமுறை தெரியாது, தெரியவும் கூடாது. அவர் காண்பது விளைவை மட்டுமே. மூன்றாண்டுப் பயிற்சியில் கிடைப்பதும் மூன்று நிமிடத்தில் கிடைப்பதும் அவர் கண்ணுக்கு ஒன்றென்றால், கடினமான வழியைத் தேர்ந்தெடுப்பது கலைஞரின் தற்பெருமைக்குத் தீனி போடுமே தவிர, ரசிகருக்கு எதையும் கூட்டித் தராது. மேலும், நினைத்த சீட்டைக் கேட்டவுடன் தலைகீழாகக் காட்டுவது போன்ற சில விளைவுகளை அத்தனை தெளிவாகவும் நேரடியாகவும் வெறுங்கையால் அடைவது மிக மிகக் கடினம்.

இரு தரப்பினரும் தமக்குரியவராகக் கொண்டாடும் ஒருவரைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கனடாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்து, பேராசிரியர் என்று சக கலைஞர்களால் அழைக்கப்பட்ட டாய் வெர்னன் (1894–1992) எர்ட்னேஸ் நூலைச் சிறுவயதிலேயே கரைத்துக் குடித்தவர். எந்தச் சீட்டு வித்தையையும் மூன்று முறை பார்த்தால் கண்டுபிடித்துவிடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்த புகழ்பெற்ற வித்தைக்காரர் ஹூடினியை, 1922இல் சிகாகோவில், மேலிருந்து இரண்டாவதாக வைத்த சீட்டு மீண்டும் மீண்டும் மேலேறி வரும் வித்தையால் அவர் திகைக்க வைத்தார். பத்தாண்டுகளுக்குப் பிறகு, கட்டின் நடுவிலிருந்து சீட்டு உருவிப் போடும் ஒருவர் இருப்பதாகக் கன்சாஸ் மாநிலத்துச் சிறையொன்றில் இருந்த ஒரு சூதாடி வாயிலாகக் கேள்விப்பட்டு, மிசௌரி மாநிலத்தின் ப்ளெசன்ட் ஹில் என்ற சிற்றூர் வரை தேடிச் சென்று ஆலன் கென்னடி என்பவரைக் கண்டுபிடித்தார். ஒரே ஒரு விரலசைவுக்காக இப்படி அலைந்த மனிதரைத் தூய கைத்திறன் தரப்பின் தலைமகன் என்று எவரும் எண்ணுவது இயல்பு. ஆனால் அவரே 1938இல் பிரெய்ன்வேவ் என்ற தந்திரக் கட்டை வெளியிட்டார். பார்வையாளர் நினைத்த சீட்டு அதில் தலைகீழாகக் கிடப்பதோடு, திருப்பிப் பார்த்தால் அதன் முதுகு நிறமும் வேறாக இருக்கும். விரல்களால் எதையும் செய்யத் தெரிந்தவர், விரல்களால் செய்யத் தேவையில்லாத ஒன்றை விரும்பி உருவாக்கினார் என்பதை, கிம்மிக் என்றாலே முகம் சுளிப்பவர்கள் எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

அவருக்கு முன்பே இவ்வழியில் நடந்தவர் வியன்னாவின் யோஹான் நெபொமுக் ஹோஃப்சின்சர் (1806–1875). அரசின் நிதித்துறை அலுவலராகப் பணியாற்றியபடியே, 1857 முதல் சிறு வரவேற்பறையில் குறைந்த எண்ணிக்கையிலான விருந்தினர் முன்னிலையில் வித்தை நிகழ்த்திய அவர், சீட்டு வித்தையைக் கேளிக்கை நிலையிலிருந்து உயர்த்தியவராக மதிக்கப்படுகிறார். இருபுறமும் முகம் உடைய சீட்டுகள், ஒரே சீட்டில் இரண்டு சீட்டுகளின் பாதிகள் என்று பலவகைக் கிம்மிக்குகளை அவர் வடிவமைத்தார். ஆனால் அவற்றில் எதுவும் தானாக வேலை செய்வதில்லை. கிம்மிக் சீட்டைக் கட்டுக்குள் கொண்டுவருவதும், உரிய நேரத்தில் வெளியேற்றுவதும், இடையே அதைச் சாதாரணச் சீட்டாக நடமாடவிடுவதும் முழுக்க முழுக்கக் கைத்திறன் சார்ந்தவை. அவரது குறிப்புகள் அழிந்துபோக, சீடர்களின் நினைவிலிருந்து திரட்டி ஒட்டோகர் ஃபிஷர் 1910இல் வெளியிட்ட நூலே இன்று நமக்குக் கிடைக்கும் முதன்மைச் சான்று. கட்டு முழுவதையும் மாற்றாமல் ஒன்றிரண்டு சீட்டுகளை மட்டும் மாற்றி, அவற்றைச் சுற்றிக் கைத்திறனால் காவல் போடும் இந்த மூன்றாம் முறையே எல்லாவற்றிலும் உறுதியானது. வித்தை முடிந்ததும் கட்டைத் தயக்கமின்றி நீட்டிவிடலாம், நீட்டும்போது அதில் எதுவும் இருக்காது.

சாதாரணக் கட்டு, தந்திரக் கட்டு என்ற பிரிவினையே சில இடங்களில் உடைந்துபோகிறது. வெனிஸில் 1593இல் அச்சான ஹொராஷியோ கலாசோவின் சிறு நூலிலேயே, முன்கூட்டி ஒழுங்குபடுத்திய சீட்டு வரிசையைக் கொண்டு செய்யும் வித்தைகள் இடம்பெற்றிருந்தன. சை ஸ்டெபின்ஸ் என்பவரின் பெயரால் வழங்கும் வரிசையில் ஒவ்வொரு சீட்டும் முந்தையதைவிட மதிப்பில் மூன்று கூடுதலாகவும், இனம் முறைவைத்து மாறியும் வரும்: கிளாவர் மூன்றை அடுத்து ஆட்டின் ஆறு, அடுத்து இஸ்பேட் ஒன்பது, அடுத்து டைமன் ராணி. எந்த இடத்தில் வெட்டினாலும், வெட்டப்பட்ட சீட்டுக்கு முந்தையதைப் பார்த்தவர் அடுத்ததைச் சொல்லிவிடலாம். ஸ்பெயின் நாட்டுக் கலைஞர் ஹுவான் தமாரிஸ் உருவாக்கிய நெமோனிகா வரிசையில் இத்தகைய வெளிப்படையான ஒழுங்கு கண்ணில் படாது; ஐம்பத்திரண்டு சீட்டுகளின் இடங்களையும் கலைஞர் மனப்பாடமாக வைத்திருப்பார். இந்தக் கட்டைப் பார்வையாளர் நாள் முழுவதும் ஆராய்ந்தாலும் ஒரு சீட்டிலும் குறை காண முடியாது. எனினும் கடையிலிருந்து வந்த நிலையில் அது இல்லை. இதைச் சாதனம் என்பதா, நினைவாற்றல் என்பதா? தூயவாதிகளில் பலர் இதைத் தயக்கமின்றி ஏற்பதைப் பார்க்கும்போது, அவர்களுடைய மறுப்பு முன்தயாரிப்பின் மீது அன்று, பிடிபடக்கூடிய தடயத்தின் மீதே என்பது தெளிவாகிறது.

கற்பவர்களைப் பொறுத்தவரை இந்த விவாதத்தின் விளைவு கவலைக்குரியது. தந்திரக் கட்டோடு தொடங்கும் சிறுவன் முதல் நாளிலேயே வீட்டாரை வியக்க வைத்துவிடுகிறான். அந்த மகிழ்ச்சியை எவரும் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் அதே கட்டை அதே வீட்டில் நான்காம் முறை காட்டும்போது தங்கை அதைப் பிடுங்கிப் பார்த்துவிடுகிறாள், அத்தோடு அவன் ஆர்வமும் முடிந்துவிடுகிறது. கைத்திறனில் மட்டுமே தொடங்கும் மாணவனோ, இரண்டு சீட்டை ஒன்றாகத் திருப்பவே பல வாரம் பிடிக்கும் நிலையில், வித்தை காட்டும் இன்பத்தைச் சுவைப்பதற்கு முன்பே சோர்ந்துவிடலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் கையில் கொடுப்பதே நல்ல ஆசிரியரின் பணி.

சாதாரணக் கட்டே கவனத்துடன் தேர்ந்தெடுக்கப்படும் சாதனம் என்பதைப் பொதுவாசகர் அறிந்திருப்பது அரிது. உலகெங்கும் சீட்டு வித்தைக்காரர் கையில் மிகுதியாகக் காணப்படுவது, சைக்கிள் ஓட்டும் சிறகுக் குழந்தையின் உருவம் முதுகில் அச்சிட்ட பைசிக்கிள் ரைடர் பேக் கட்டு. சின்சினாட்டியில் தொடங்கிய நிறுவனம் 1885இல் பைசிக்கிள் என்ற பெயரையும், 1887இல் இந்த முதுகு வடிவத்தையும் அறிமுகப்படுத்தியது. அந்த நிறுவனம் 2019இல் பெல்ஜியத்தின் கார்ட்டாமுண்டி குழுமத்தின் வசமானது. அதன் சீட்டு, இரண்டு தாள்களை இடையே ஒளி ஊடுருவாத பசையால் ஒட்டி, மேற்பரப்பில் நுண்ணிய குழிகள் பதித்துச் செய்யப்படுகிறது. குழிகளில் தங்கும் காற்று சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்லவிடுவதால், விசிறி விரிப்பும் மேசை மீதான நீள்விரிப்பும் சீராக அமைகின்றன. வழவழப்பான மலிவுக் கட்டில் சில நாள்களிலேயே சீட்டுகள் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொள்ளும்.

முதுகைச் சுற்றியுள்ள வெண்ணிற ஓரம் மற்றொரு சர்ச்சைப் பொருள். ஓரம் உள்ள கட்டில் ஒரு சீட்டை முகம் மேலாகத் திருப்பிச் செருகி, கட்டைச் சிறிதளவே விரித்தால், அதன் வெண்ணிற விளிம்பு மற்றவற்றின் ஓரத்தோடு கலந்து மறைந்துவிடும். பீ என்னும் வணிகப்பெயரில் விற்கப்படுவது போன்ற ஓரமற்ற கட்டிலோ அந்த வெண்மை பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். அதே ஓரமற்ற வைர வடிவப் பின்னல், மேல் சீட்டைப் போடுவதுபோல் இரண்டாம் சீட்டை உருவிப் போடும் அசைவைக் கண்ணிலிருந்து மறைப்பதில் முன்னிற்கும். ஆகவே எது சிறந்த கட்டு என்ற கேள்விக்கு, என்ன செய்யப்போகிறீர்கள் என்ற எதிர்க்கேள்வியே பொருத்தமான விடை.

இன்னும் நுட்பமானது, வெட்டும் திசை பற்றிய வாதம். பெரிய தாளிலிருந்து சீட்டுகளை வெட்டும் இயந்திரக் கத்தி முகப்பக்கத்திலிருந்து இறங்கியதா, முதுகுப்பக்கத்திலிருந்து இறங்கியதா என்பதைப் பொறுத்து, விளிம்பில் தொட்டால் மட்டும் தெரியும் ஒரு சாய்வு உண்டாகிறது. கட்டைச் சரிபாதியாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று இடையே ஒரு சீட்டாகப் பின்னிக் கலைக்கும் முறையில் அந்தச் சாய்வு ஒரு திசையில் வழிவிட்டு மறு திசையில் தடுக்கும். பிழையின்றி, மேல் சீட்டும் கீழ் சீட்டும் இடம் மாறாதபடி எட்டு முறை இப்படிப் பின்னினால் ஐம்பத்திரண்டு சீட்டும் தொடங்கிய வரிசைக்கே திரும்பிவிடும் என்பதால், இது கலைஞர்களுக்கு விளையாட்டுச் செய்தி அன்று. பழைய முறைப்படி வெட்டிய கட்டே வேண்டும் என்று நெடுங்காலம் வாதாடியவர்களுள் ஒருவர், சிறுவயதிலேயே பார்வை குன்றத் தொடங்கிய அமெரிக்கக் கலைஞர் ரிச்சர்ட் டர்னர். தொட்டே தரம் அறியும் அவரைச் சீட்டுத் தயாரிப்பு நிறுவனமே மதிப்பீட்டாளராகப் பயன்படுத்திக்கொண்டது.

அண்மைக் காலத்தில், பொன் முலாம் பூசிய பெட்டியும் ஓவியரின் கைவண்ணமும் கொண்ட விலையுயர்ந்த கட்டுகள் ஏராளமாக வெளிவருகின்றன. வித்தை எதுவும் இல்லாமல், சீட்டுகளைக் காற்றில் சுழற்றிப் பிரித்துச் சேர்க்கும் கார்டிஸ்ட்ரி என்னும் கலைக்கு இவை பொருத்தமானவை. அங்கே கட்டின் அழகே காட்சியின் பகுதி. வித்தைக்கு இவை ஏற்றவை என்பது ஒப்புக்கொள்ளக் கடினம். பார்வையாளர் இதுவரை கண்டிராத கட்டு மேசைக்கு வந்ததும், அவர் மனம் வித்தையை விட்டுக் கட்டையே ஆராயத் தொடங்கிவிடுகிறது. உண்மையில் அது எந்தக் கிம்மிக்கும் இல்லாத கட்டாக இருந்தாலும், கலைஞர் வருந்திக் கற்ற கைத்திறன் எல்லாம் "ஏதோ விசேஷக் கட்டு" என்ற கணக்கில் போய்விடும்.

மேசை விரிப்பு பற்றியும் இரு கருத்து உண்டு. மென்மையான விரிப்பு இல்லாத கண்ணாடி மேசையில் சீட்டை எடுப்பதே சிரமம். ஆனால் விரிப்பை எடுத்துப் போட்டவுடன் உரையாடல் நிகழ்ச்சியாக மாறிவிடுகிறது என்று உணவகங்களில் மேசைதோறும் சென்று வித்தை காட்டுவோர் கருதுகின்றனர். தேர்ந்தெடுத்த சீட்டில் பார்வையாளரைக் கையெழுத்திடச் செய்யும் பேனாவை எதிர்ப்போர் குறைவு, ஏனெனில் அதே போன்ற இன்னொரு சீட்டு இருக்குமோ என்ற ஐயத்தை அந்தக் கையெழுத்து அடியோடு நீக்கிவிடுகிறது. தொலைக்காட்சியும் கைப்பேசிக் காணொளியும் வந்தபின் கணக்கு மாறியிருக்கிறது: அங்கே கட்டைக் கேட்டு வாங்கும் கை இல்லை, ஆனால் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கும் கண் உண்டு. எனவே தொட்டால் பிடிபடும் கிம்மிக் அங்கே பிழைத்துக்கொள்ளும், அரை நொடி தடுமாறிய விரல் பிடிபட்டுவிடும்.

இந்த வாதங்கள் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பியச் சூழலில் எழுந்தவை என்பதால், தமிழ்நாட்டுக் கலைஞர் அவற்றை அப்படியே ஏற்பதற்கு முன் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். பைசிக்கிள் கட்டு அமெரிக்காவில் வித்தைக்கு ஏற்றதானதற்கு முதற்காரணம், அங்கே அது மளிகைக் கடையிலும் கிடைக்கும், வீட்டுக்கு வீடு பழகிய கட்டு என்பதே. இரண்டு மூன்று கட்டுகளைச் சேர்த்துப் பதின்மூன்று சீட்டு ரம்மி ஆடிப் பழகிய நம் வீடுகளில், அந்தச் சிறகுக் குழந்தை வெளியூர் விருந்தாளி. சந்தேகத்தைத் தணிக்க வேண்டிய கட்டே இங்கே சந்தேகத்தைக் கிளப்புகிறது. விற்பனைக்கு வரும் கிம்மிக் சீட்டுகளோ பெரும்பாலும் அந்த ஒரே முதுகு வடிவத்தில்தான் அச்சாகின்றன. போதாக்குறைக்குச் சென்னை போன்ற கடலோர நகரங்களின் ஈரப்பதத்தில் தாள் சீட்டு உப்பி வளைந்துவிடும். ஈரத்தைத் தாங்கும் முழு பிளாஸ்டிக் கட்டோ வளைத்தால் நினைத்தபடி நிற்காமலும், இரண்டு சீட்டை ஒன்றாகப் பிடிக்கையில் வழுக்கியும் தொல்லை தரும்.

இதற்கு வழி, பக்கத்துக் கடையில் எவரும் வாங்கும் தாள் கட்டைப் பழகிக்கொண்டு, தேவையான ஒன்றிரண்டு கிம்மிக்குகளைக் கையாலேயே செய்துகொள்வதுதான். குட்டைச் சீட்டுக்கு ஒரு கூரிய கத்தியும் இரும்பு அளவுகோலும் போதும். முனையில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக நறுக்கி, கூர்மையாகிவிட்ட மூலைகளை நகவெட்டியால் மீண்டும் வளைவாக்கிவிட்டால், கட்டின் விளிம்பைக் கட்டைவிரலால் விடும்போது அந்த ஒரு சீட்டு மட்டும் தனி ஓசையோடு நிற்கும். இருபுற முகச் சீட்டு வேண்டுமானால், மூலையில் நகத்தால் பிரித்து இரண்டு தாள்களையும் பொறுமையாக உரித்து, முகத்தாள்கள் இரண்டை முதுகோடு முதுகாக மெல்லிய பசையில் ஒட்டி, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வைக்க வேண்டும். முதல் சில சீட்டுகள் கிழியும் அல்லது தடித்துவிடும். அதே கடையில் அதே கட்டு இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.